குழாயில் ஒட்டிய நீலம்

நம் வயதுக்காரர்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டுக்குள் முதன்முதலாகப் பிளாஸ்டிக் வந்த நாள் நினைவிருக்கிறதா? இன்றைக்குக் கால் கட்டுக் கருவேப்பிலை வாங்கினாலும் அதற்கொரு பை. அந்தப் பையைப் போட இன்னொரு பை. நமக்கு அப்படியா? தகரம், பீங்கான், சாக்கு, வாழையிலை, பழைய பத்திரிகைத் தாள். இவ்வளவுதான் நம் உலகம்.

எங்கள் வீட்டுக்கு வந்த முதல் பிளாஸ்டிக் ஒரு மழைச்சட்டை. நல்ல நீலம். ஜாசின் பசாரில் சீனர் கடையில் தொங்கிக்கொண்டிருந்ததை அம்மா பல வாரம் பார்த்துப் பார்த்து, ஒருநாள் வாங்கியே விட்டாள். வீட்டுக்குக் கொண்டுவந்து விரித்ததும் கூடமே ஒரு மாதிரி மணத்தது. தித்திப்பா, மருந்தா என்று சொல்ல முடியாத வாசனை. நான் அதில் முகத்தைப் புதைத்து மூச்சிழுத்தேன். அம்மா முதுகில் ஒன்று வைத்தாள். மடிப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளக் கூடாதென்று முகப்பவுடர் தூவி மடித்துவைப்பாள். முகத்துக்குப் போட்டதைவிட அந்தச் சட்டைக்குப் போட்ட பவுடர்தான் அதிகம்.

கோயிலுக்குப் போகும்போது மழை வந்தால் அதைப் போட்டுக்கொண்டு, அப்பாவின் மோட்டார் சைக்கிளில் பின்னால் ஒருபக்கமாக உட்கார்ந்து போவாள். கோயில் என்றால் ஜாசின் மாதா கோயில். நாங்கள் வேதக்காரர்கள். சொரசொரவென்று அந்தச் சட்டை போடும் சத்தத்தில் பூசைக்கு வந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். அம்மாவுக்கு அதில் கொள்ளைப் பெருமை.

இது நடந்தது மலாயாவில் வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலத்தில். கம்பிவேலிக் காலம் என்றுதான் எங்கள் தோட்டத்தில் சொல்வோம். ஜாசினிலிருந்து உள்ளே தள்ளி, ரப்பர் மரங்களுக்கு நடுவே எங்கள் தோட்டம். தொழிலாளிகள் குடியிருக்கும் லயங்களைச் சுற்றி இரண்டு வரிசை முள்கம்பி. வாசலில் காவலர்கள். பாலெடுக்க ரப்பர் மரம் வெட்டப் போகிறவர்களை விடியலில் வாசலில் நிறுத்தித் தடவிப் பார்த்துத்தான் வெளியே விடுவார்கள். ஒரு கைப்பிடிச் சோறுகூடக் கொண்டுபோகக் கூடாது. காட்டுக்குள் இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடுமாம். சோறு மட்டுமில்லை, மருந்து, டார்ச் பேட்டரி, கித்தான், பிளாஸ்டிக் எல்லாவற்றுக்கும் கண். வெறும் கடுங்காப்பியைக் குடித்துவிட்டு மத்தியானம் வரைக்கும் மரம் வெட்டிய பெண்கள், அப்பாவின் மருந்துக்கொட்டகைத் திண்ணையிலேயே மயங்கி விழுந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

அப்பாதான் தோட்டத்து டிரெசர். காயத்துக்குக் கட்டுப் போடுவது, ஊசி போடுவது, குயினைன் கொடுப்பது எல்லாம் அவர்தான். வாய் திறந்து பேசுகிற மனிதர் இல்லை. மனசில் ஏதாவது பாரம் என்றால் உடனே ஒரு துணியை எடுத்துக்கொண்டு எதையாவது துடைக்க ஆரம்பித்துவிடுவார். எனக்குப் பின் பிறந்த தம்பி காய்ச்சலில் இறந்தானே, அன்றைக்கு அவர் அழவில்லை. மருந்துக்கொட்டகைக்குப் போய் அலமாரியிலிருந்த பாட்டில்கள் அத்தனையையும் இறக்கிக் கழுவிக்கொண்டிருந்தார். அம்மா அதை அவர் சாகும்வரை மன்னிக்கவே இல்லை.

தோட்டத்தின் மற்ற டிவிஷன்களுக்குப் போய்வர நிர்வாகம் கொடுத்தது அந்த மோட்டார் சைக்கிள். பச்சை டாங்கி. பக்கவாட்டில் நீளமாக ஓடும் குரோம் பூசிய புகைக்குழாய். அதில் முகம் பார்த்துத் தலை சீவலாம். சனிக்கிழமை சாயங்காலம் அதைத் துடைக்காவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

இனி சித்தப்பா. அப்பாவின் தம்பி. எங்கள் வீட்டுப் பின்னறையில்தான் இருந்தார். கைக்குழந்தையாக இந்தியாவிலிருந்து கப்பலில் வந்தவர். தாய் தகப்பன் போனபிறகு அப்பாதான் தூக்கி வளர்த்து, ஜாசினில் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படிக்கவைத்து, தோட்டத்து ஆபீசில் சின்னக் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாகச் சேர்த்துவிட்டார். எப்போது பார்த்தாலும் சீட்டியடிப்பு. பயம் என்பதே கிடையாது, என் அம்மாவின் வாயைத் தவிர. அம்மா கரண்டியைத் தூக்கினால் போதும், "அண்ணி, நான் இல்ல, அண்ணன்தான்" என்று அப்பா பின்னால் போய் ஒளிந்துகொள்வார். வாயில்லாத அப்பாகூட அப்போது சிரித்துவிடுவார்.

ஆபீஸ் தபாலை ஜாசினுக்குப் போய் எடுத்துவருவது சித்தப்பாவின் வேலை. அப்பாவின் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போவார். அது ஆண்டுக் கடைசி, விடாத மழை. ஆணியில் தொங்கிய நீலச்சட்டையை அவர் ஏற்கெனவே ஒருமுறை போட்டுப் பார்த்து அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தார்.

"தம்பி, சொல்லிட்டேன். என் சட்டைய தொட்டீங்க, அப்புறம் சோத்துக்கு லயத்துப் பக்கம் போய்க்க வேண்டியதுதான்."

"பொம்பள சட்டைய எவன் லா போடுவான்?" என்றார் சித்தப்பா.

போட்டார். அதுதான் கதை. பிற்பாடு நாங்கள் தெரிந்துகொண்டதை உங்களுக்கு இங்கேயே சொல்லிவிடுகிறேன். நல்ல மழையில் அம்மாவுக்குத் தெரியாமல் அதை எடுத்துக்கொண்டு ஜாசினுக்குப் போயிருக்கிறார். திரும்பும் வழியில் மழை விட்டிருக்கிறது. சட்டையைக் கழற்றிப் பின்சீட்டில் வைத்துக் கட்டியிருக்கிறார். கட்டு நழுவி, சட்டை கொதிக்கிற புகைக்குழாய் மேல் விழுந்துவிட்டது. நாற்றம் மூக்கில் ஏறி வண்டியை நிறுத்திப் பார்த்தால் முதுகுப் பக்கம் முழுக்க ஓட்டை. குழாயில் நீலமாக அப்பிக்கொண்டிருக்கிறது. மிச்சத்தைச் சுருட்டி ஆற்றுப் பாலத்திலிருந்து வீசிவிட்டு வந்துவிட்டார். புதுசு ஒன்று வாங்கி ஆணியில் மாட்டிவிட்டு அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைப்பு. அண்ணியின் வாய்க்குப் பயந்த ஒரு சின்னப் பிள்ளையின் காரியம். வேறு ஒன்றுமே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அம்மா ஆணியைப் பார்த்தாள். வீடு இரண்டுபட்டது. சித்தப்பா தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "தெரியலையே அண்ணி" என்றார். துணி துவைக்க வரும் அக்காவின் மேல் அம்மா பழியைப் போட்டாள். பாவம், அந்த அக்கா, மாதா படத்தின் முன்னால் கையடித்துச் சத்தியம் செய்தாள். அவள் அழுததைப் பார்த்துவிட்டும் சித்தப்பா வாயைத் திறக்கவில்லை. அதற்காக எனக்கு அவர்மேல் வருத்தம் உண்டு.

அந்த வாரத்திலேயே பட்டாளம் எங்கள் தோட்டத்து எல்லைக்கு அப்பால் மலையடியில் ஒரு முகாமைக் கண்டுபிடித்தது. ஆட்கள் இல்லை. அடுப்பு, அரிசி மூட்டை, கூரைக்குக் கட்டிய துணிகள். அவற்றோடு கத்தரித்த ஒரு துண்டு நீலப் பிளாஸ்டிக். அது எங்கள் வீட்டுச் சட்டைதானா, ஆற்றோடு போனதை யாராவது எடுத்துக் கொடுத்தார்களா, இல்லை வேறு யார் வீட்டுடையதோ, இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் மாத்தா, அதான் போலீஸ்காரர்கள், தோட்டம் தோட்டமாக நீலப் பிளாஸ்டிக் யார் வாங்கினார்கள் என்று விசாரித்துக்கொண்டு வருகிறார்கள் என்ற செய்தியைக் கட்டுப் போட வந்த கங்காணி ஒருவர் அப்பாவிடம் சொல்லிவிட்டார்.

அப்பா பாதி வேலையில் வீட்டுக்கு வந்தார். வழக்கமாக அந்த நேரத்துக்கு வருபவர் இல்லை. மோட்டார் சைக்கிள் சுவரோரமாக, குழாய் சுவர்ப்பக்கம் இருக்கும்படி நிறுத்தியிருந்தது. சித்தப்பாதான் அப்படி நிறுத்தியிருந்தார். விடாத மழையில் அந்தச் சனிக்கிழமை அப்பா வண்டியைத் துடைக்கவும் இல்லை, அதன்பின் வெளியே எடுக்கவும் இல்லை. அப்பா அதை வெளியே இழுத்துத் திருப்பினார். குழாயின் வளைவில், உள்ளங்கை அகலத்துக்கு, ஓரம் கருகிய நீலம்.

"உன் சட்ட கெடைச்சிதா?" என்று அம்மாவிடம் கேட்டார்.

"எங்க கெடைச்சிது? அவதான் கொண்டுபோயிட்டா."

அப்பா அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். அவர் முகம் அவ்வளவு வெளிறி நான் பார்த்ததில்லை. சித்தப்பாவோடு பள்ளிக்கூடத்தில் படித்த சீனச் சிநேகிதன் ஒருவன் காட்டுக்குள் போய்விட்டான் என்று பேச்சு இருந்தது. பட்டினியோடு மரம் வெட்டுகிறவர்களைப் பற்றிச் சாப்பாட்டு நேரத்தில் பேச்சு வந்தால் சித்தப்பாவுக்குக் கண் சிவக்கும். "பசியோட வேல வாங்குறானுங்களே, இவனுங்கள்லாம் மனுசனுங்களா?" என்று கத்துவார். அப்பா அதையும் இதையும் கூட்டிக் கணக்குப் போட்டுவிட்டார். தம்பி சட்டையை வண்டியில் கட்டிக் காட்டோரம் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறான், வழியில் அது குழாயில் பட்டிருக்கிறது. அவ்வளவுதான் அவர் முடிவு.

அம்மா படபடவென்று பேசுகிறவள்தான், ஆனால் அன்றைக்கு அவள்தான் சரியாகச் சொன்னாள். "ஏங்க, தம்பி ஆபீஸ்லதானே இருக்கு. கூப்புட்டு ஒரு வார்த்த கேளுங்களேன்."

"கேட்டு, அவன் ஆமான்னு சொல்லிட்டா?" என்றார் அப்பா. "அப்புறம் எனக்கும் தெரியும்னு ஆயிடும் லா. தெரிஞ்சும் சொல்லலன்னா அது வேற குத்தம். நமக்குத் தெரிய வேணாம். அதான் அவனுக்கும் நல்லது, பிள்ளைக்கும் நல்லது."

இப்போதுள்ள பிள்ளைகளுக்கு இது புரியாது. உங்களுக்குப் புரியும். அந்தக் காலத்தில் ஒன்றைத் தெரிந்து வைத்திருப்பதே ஆபத்து. ஒரே கூரைக்குக் கீழ் இருந்துகொண்டு, கேட்காமல் இருப்பதுதான் பாசம் என்று நினைத்தோம்.

அப்பா துணியை எடுத்தார்.

முதலில் வண்டியைக் கிளப்பி ஓடவிட்டார். குழாய் சூடேறி அந்த நீலம் பளபளவென்று இளகியது. புகை எழுந்தது. அதே வாசனை, ஆனால் அழுகிப்போன வாசனை, தொண்டையில் கசந்தது. நோயாளிகளின் நாக்கை அழுத்திப் பார்க்கும் மெல்லிய பட்டையான மரக்குச்சிகள் ஒரு கட்டுக் கொண்டுவந்திருந்தார். கத்தி வைத்தால் குரோமில் கீறல் விழும். பட்டையைப் படுக்கைவாக்கில் வைத்து ஓரத்திலிருந்து மெதுவாகத் தள்ளினார். புண்ணில் ஒட்டிய பழைய கட்டைப் பிரிப்பாரே, அதே பொறுமை. நீலம் தோல் மாதிரி சுருண்டு வந்தது. பட்டை கருகக் கருகத் தூர எறிந்துவிட்டு வேறு எடுத்தார். வண்டியை அணைத்து, குழாய் ஆறியபிறகு மீதிக்குப் பஞ்சில் ஸ்பிரிட் ஊற்றித் தேய்த்தார். அப்புறமும் பழுப்பாக ஒரு கறை. அம்மா அடுப்புச் சாம்பலைச் சலித்துக் கொடுத்தாள். நான் எலுமிச்சை மூடியைப் பிழிந்தேன். சாம்பல், எலுமிச்சை, துணி, மறுபடி சாம்பல். கடைசியில் டப்பாவிலிருந்த பாலிஷ். வெயில் சாயும்வரை தேய்த்தார். உதிர்ந்த நீலச் சுருள்களையும் பட்டைகளையும் அம்மா கூட்டிக் குழிதோண்டிப் புதைத்தாள். படிக்கடியில் மொச்சைக்கொட்டை அளவில் ஒரு நீல உருண்டை கிடந்தது. ஒருபக்கம் குழாயின் வளைவு அப்படியே பதிந்து வழவழவென்று இருந்தது. எனக்கு அது அழகாகத் தெரிந்தது. எடுத்துப் பாவாடை முடிச்சில் வைத்துக்கொண்டேன்.

சித்தப்பா அன்று சாயங்காலம் வீட்டுக்கு வரவில்லை. ஆபீசிலிருந்தே மாத்தா அவரைக் கூட்டிப்போய்விட்டது. நீலச்சட்டை விற்ற கடைக்காரர் டிரெசர் வீட்டைச் சொல்லியிருக்கிறார். ஜாசினில் அந்தச் சட்டையோடு சித்தப்பாவைப் பார்த்தவர்களும் சொல்லியிருக்கிறார்கள்.

மறுநாள் காலையில் ஜீப் வந்தது. மலாய்க்கார சார்ஜன், இரண்டு கான்ஸ்டபிள், நடுவில் சித்தப்பா. கையில் விலங்கு. ஆனால் முகத்தில் கவலையே இல்லை. சீட்டியடிக்காததுதான் குறை. அம்மாவைப் பார்த்ததும் அசட்டுச் சிரிப்புச் சிரித்தார்.

"அண்ணி, மன்னிச்சிக்குங்க. உங்க சட்டைய நான்தான் எரிச்சிட்டேன். திட்டுவீங்கன்னு சொல்லல. துவைக்கிற அக்காகிட்டயும் மன்னிப்புக் கேட்டேன்னு சொல்லுங்க." அப்புறம் அப்பாவிடம், "அண்ணே, இவங்களுக்கு அந்த எக்சோஸ் பைப்ப காட்டுங்க. அதுலதான் ஒட்டியிருக்கு. சொன்னா நம்ப மாட்டேங்குறாங்க" என்றார்.

அப்பா நகரவில்லை. சார்ஜனே போய் மோட்டார் சைக்கிள் பக்கத்தில் குந்தினார். குழாய் காலை வெயிலில் கண்ணைக் கூசவைத்தது. மேலும் கீழும் பார்த்தார், விரலால் தடவினார், விரலைத் தூக்கிக் காட்டினார். ஒரு பொட்டு அழுக்கு இல்லை. அப்பாவைப் பார்த்து மலாயில் கேட்டார், இதில் ஏதாவது ஒட்டியிருந்ததா, நீ துடைத்தாயா என்று.

அப்பா கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். "இல்லை. இது எப்போதும் இப்படித்தான் இருக்கும்" என்று மலாயிலேயே சொன்னார்.

சித்தப்பா அப்பாவை ஏறிட்டுப் பார்த்தார். அப்பாவின் விரல் நுனிகள் ஸ்பிரிட்டில் வெளுத்து, நகக்கண்ணில் சாம்பல் அப்பியிருந்தது. எனக்குத் தெரிந்தது அவருக்கும் தெரிந்திருக்கும். அண்ணன் துடைத்துவிட்டார், ஏன் துடைத்தார் என்பதும் அந்த நிமிடமே அவருக்கு விளங்கிவிட்டது. துடைத்தேன் என்று இனி அண்ணன் சொன்னால் அடுத்த விலங்கு அண்ணனுக்கு. சித்தப்பா சார்ஜனிடம் திரும்பி, "நான்தான் தப்பாகச் சொல்லிவிட்டேன். குழாயில் படவில்லை. வேறு எங்கேயோ தொலைத்துவிட்டேன்" என்றார். அதோடு அவர் கதை முடிந்தது.

ஜீப் போனதும் நான் பாவாடை முடிச்சை அவிழ்த்து அந்த நீல உருண்டையை அம்மாவிடம் நீட்டினேன். "அம்மா, இங்க இருக்கும்மா. இத காட்டலாம்மா." அம்மா பேய் பிடித்தவள் போல அதைப் பிடுங்கி எரிகிற அடுப்பில் எறிந்தாள். என்னைக் கட்டிக்கொண்டு வாயைப் பொத்தினாள். சமையல்கட்டு முழுக்க அந்தக் கசப்பு நாற்றம்.

அப்பா சும்மா இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மறுநாளே மாதா கோயில் சாமியாரைக் கூட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனார். நான்தான் துடைத்தேன், பயத்தில் பொய் சொல்லிவிட்டேன் என்று அழுதிருக்கிறார். "நேற்று இல்லை என்றாய், இன்று இருந்தது என்கிறாய். நாளைக்கு என்ன சொல்வாய்?" என்று கேட்டு இன்ஸ்பெக்டர் அனுப்பிவிட்டார். அண்ணன் தம்பிக்காகக் கட்டிய கதை என்று எழுதிக்கொண்டார்களாம். அவர்மேல் நடவடிக்கைகூட எடுக்கவில்லை. தோட்டத்து வெள்ளைக்காரத் துரை அவரைக் கூப்பிட்டு, வேலை வேண்டுமானால் இதில் தலையிடாதே என்றார்.

எனக்கு அப்பாமேல் இன்றும் கோபம்தான். அவர் வயதையெல்லாம் தாண்டி வந்துவிட்டேன், அவர் நிலைமையில் என்ன செய்திருப்பேன் என்றும் யோசித்துப் பார்த்துவிட்டேன். ஆனாலும் கோபம் போகவில்லை. அன்றைக்கு ஆபீஸ் எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். ஐயோ, கூப்பிட்டிருந்தால் கேட்டிருக்கும்.

சித்தப்பாவை நாடு கடத்தினார்கள். பிறந்த ஊர் என்று தாளில் எழுதியிருந்த ஊருக்கு. அங்கே அவருக்கு ஒரு முகம் தெரியாது. மலாய் கலந்த அவர் தமிழைக் கேட்டு அங்கே சிரித்தார்களாம். அவர் திரும்பி வரவேயில்லை. சில வருஷங்களில், மஞ்சள் காமாலையில் போய்விட்டார் என்று செய்தி வந்தது. அப்பா அதன்பின் அந்தப் புகைக்குழாயைத் தொட்டதில்லை. மழையிலும் சேற்றிலும் ஓடி அது பழுப்பேறி, பிறகு துருவேறி, ஒருநாள் ஓட்டை விழுந்தது. நிர்வாகம் வண்டியை எடுத்துக்கொண்டு போயிற்று.

கப்பலேற்றும் முன்னால் ஒரே ஒருமுறை எங்களைப் பார்க்கவிட்டார்கள். தடுப்பு முகாமில், இரண்டு கம்பிவேலிகளுக்கு இப்பக்கமும் அப்பக்கமும். நடுவே ஒரு காவலன். சித்தப்பா மெலிந்து, தலைமுடியை ஒட்ட வெட்டியிருந்தார். என்னைப் பார்த்து, "பாப்பா, விழுந்த பல்லு முளைச்சிருச்சா?" என்று கேட்டார். நான் வாயைத் திறந்து காட்டினேன்.

"அண்ணி, புதுசு ஒண்ணு வாங்கித் தரணும்னு இருந்தேன். முடியாம போச்சு."

"சட்ட நாசமாப் போகட்டும் தம்பி, நான் பாவி, என் வாயால..." அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

அப்பா கம்பியைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்து நின்றார். சித்தப்பாதான் பேச்சைத் தொடங்கினார். எப்போதும் அவர்தான் தொடங்குவார்.

"அண்ணே, ஒண்ணு கேக்கணும். அத எப்படிண்ணே எடுத்தீங்க? நானும் பேனாக்கத்திய வச்சி சுரண்டு சுரண்டுன்னு சுரண்டுனேன். கொஞ்சங்கூட அசையலையே."

அப்பா தலையைத் தூக்கவில்லை. மருந்து எப்படிச் சாப்பிட வேண்டும் என்று நோயாளிக்குச் சொல்வாரே, அந்தக் குரலில் சொன்னார். "பச்சையா சுரண்டக் கூடாதுடா. இஞ்சின கொஞ்ச நேரம் ஓட விடணும். கொழாய் சூடாகி அதுவா எளகும். அப்போ மரக்குச்சிய படுக்க வச்சி தள்ளுனா, உரிஞ்சி வந்துரும்."

"அப்புறம் கறை?"

"சாம்பலும் எலுமிச்சையும்."

"கீறல் விழலையாண்ணே?"

"விழல."

சித்தப்பா தலையை ஆட்டினார். "எனக்குத் தெரியாம போச்சு. உங்ககிட்ட கேட்டிருக்கணும்ண்ணே."

அப்பா அப்போதுதான் நிமிர்ந்தார். "நான்தான்டா கேட்டிருக்கணும். உன்கிட்ட ஒரு வார்த்த நான் கேட்டிருக்கணும்."

காவலன் நேரமாகிவிட்டது என்று கையைக் காட்டினான். அதற்குப் பிறகு அவர்கள் இருவரும் பேசிக்கொள்ளவே இல்லை.